சுப்பம்மாவுக்கு இடம் கொடாத சபை

ருவான்வெல்லை
12-9-1927

சலோமிக்கு, உன் புருஷன் மாசிலாமணி எழுதுவது.

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம். ஓப்பநாயக்கவிலிருந்து ஒரு தபால் அட்டைகூட இல்லை. நீ சுகமாய்ப் போய்ச் சேர்ந்த செய்தியை முக்தார் முதலாளி கடையில் நின்று ஒரு லொறிக்காரன் வாயால் கேட்க வேண்டியதாயிற்று. முக்தார் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். ஒரு தோட்டத்து உபதேசியாருக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா?

ஒவ்வொரு ஞாயிறும் சபையார் கேட்கிறார்கள்: "அம்மா எங்கீங்க ஐயா, இன்னும் வரலியே?" உன் அண்ணிக்குச் சுகமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய் சொல்லவும் வைத்துவிட்டாய்.

நடந்ததை நிதானமாய் யோசித்துப் பார். சுப்பம்மா ஞானஸ்நானம் பெற்றவள். பெற்ற பிறகும் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். மூப்பர்கள் கூடி அவளைச் சபையிலிருந்து விலக்கி வைத்தார்கள். அடுத்த மாதமே அவள் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனது பரிதாபந்தான். நான் ஒன்றும் கல் அல்ல. ஆனால் விலக்கப்பட்டவளை நம்முடைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ண எனக்கு அதிகாரம் இல்லை. அவள் புருஷன் மூக்கையா என் காலைப் பிடித்தபோதும் அதைத்தான் சொன்னேன்.

நீ என்ன செய்தாய்? ஓடைக்கு மேலே இருக்கிற பொது இடுகாட்டுக்குப் பிணத்தின் பின்னால் நடந்து போனாய். கொட்டுகிற மழையில் வேத புஸ்தகத்தைத் திறந்து, ஒரு பெண்பிள்ளை, சங்கீதம் வாசித்தாய். தோட்டம் முழுக்க அதே பேச்சு. "சபைக்கு முன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடு, போதும்" என்று எவ்வளவு பொறுமையாய்க் கேட்டேன்! நீயோ, "உங்க சபை எதுக்குங்க?" என்று என்னையே கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினாய்.

கேட்டதற்காக, சபை எதற்கு என்பதை இருபத்தாறு வசன ஆதாரங்களோடு தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பதில் எழுது.

அலுமாரிச் சாவி எங்கே? என் வெள்ளைக் கோட்டு அதற்குள் இருக்கிறது.

மாசிலாமணி


ஓப்பநாயக்க
20-9-1927

உபதேசியார் அவர்களுக்கு,

சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஐந்து வாரமாக நீங்கள் அரிசிப் பானையில் கைவிடவில்லை என்று தெரிகிறது. உங்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

இருபத்தாறு வசனங்களையும் வாசித்தேன். தாளை விளக்குக்கு நேரே பிடித்தும் பார்த்தேன். சுப்பம்மாவின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அவளைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் சபையைப் பற்றிப் பிரசங்கம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்களோடு குடித்தனம் பண்ணின பதினோரு வருஷமும் இதே கதைதான். சோற்றில் உப்பில்லை என்று சொல்லவும் உங்களுக்கு ஒரு வசனம் வேண்டும்.

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. மெய்யான சபை எது என்று நானும் தேடிப் பார்த்தேன். ஒரு ஞாயிறு துரைமார் கோயிலுக்குப் போனேன். அங்கே ஆராதனை முழுவதும் இங்கிலீசில். முடிந்ததும் துரைசானிகள் எழுந்து போக, பின்வாங்கில் இருந்த எங்களுக்குப் பத்து நிமிஷம் தமிழில் ஆசீர்வாதம். அடுத்த ஞாயிறு ஒரு கொட்டகைக்குப் போனேன். ஆர்மோனியம் நன்றாய் வாசித்தார்கள். பிறகு போதகர் எழுந்து, அவர் முழுக்கு கொடுத்த ஆற்றுத் தண்ணீரில் முழுகாதவர்கள் எல்லாரும் நரகத்துக்குப் போவார்கள் என்றார். நீங்களும் நானும் அதில் அடக்கம். மூன்றாவது, அண்ணன் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு காம்பராவுக்குள் எட்டுப் பேர் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையோடு போனேன். கொழுந்து எடுக்கிற பெண்கள்தான் ஜெபம் நடத்துகிறார்கள். இதுதான் என்று நினைத்தேன். விளக்கை யார் ஏற்றுவது என்று இரண்டு பேர் சண்டை பிடித்து, அன்று ஜெபமே நடக்கவில்லை.

எல்லாரும் தங்களுடையதுதான் மெய்யான சபை என்கிறார்கள். உங்களையும் சேர்த்தால் நாலு. எனக்கு அலுத்துவிட்டது. யோவேல் அண்ணன் சிரிக்கிறார். "டீமேக்கர் வேல எவ்வளவோ நல்லது தங்கச்சி. தேயிலை நல்லதா கெட்டதான்னு வாயில வச்சா தெரிஞ்சிரும்" என்கிறார்.

சபைக்கு முன் வருத்தம் சொல்ல மாட்டேன். உங்கள் கால்வலிக்குத் தைலம் மேல்தட்டில் இருக்கிறது.

சலோமி


ருவான்வெல்லை
27-9-1927

சலோமிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நாலு தரமும் கோபம் வந்தது.

நாலு பேர் நாலு விதமாய்ச் சொல்வதால் உண்மை என்று ஒன்று இல்லாமல் போகுமா? மெய்யான சபைக்கு அடையாளம் மூன்று. வசனம் கலப்பில்லாமல் போதிக்கப்பட வேண்டும். ஞானஸ்நானமும் இராப்போஜனமும் முறையாய்க் கொடுக்கப்பட வேண்டும். தவறுகிறவர்களைத் திருத்துகிற ஒழுங்கு இருக்க வேண்டும். மூன்றாவதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் ஒரு மாதம் நிற்காது. வேலி இல்லாத தோட்டத்தில் கண்ட மாடும் மேயும்.

அந்தக் கயிறு உனக்குச் சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. என் தகப்பனார் அப்படி ஒரு கயிற்றை அறுத்துப் போட்டு ஞானஸ்நானம் பெற்றதற்காக, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று தடுத்தார்கள். என் அம்மா ஒரு கோடை முழுக்க இரண்டு மைல் நடந்து ஊற்றுத் தண்ணீர் சுமந்தாள். அப்படி அறுத்த கயிற்றை இன்னொருத்தி சிரித்துக்கொண்டு கட்டிக்கொள்ள, நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், என் அம்மா சுமந்த குடம் எதற்கு? சொல்.

மூக்கையாவும் அவனோடு ரப்பர் பால் வெட்டுகிற பதினோரு பேரும் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அக்டோபர் இருபத்துமூன்றாம் தேதி யாழ்ப்பாணத்துப் போதகர் ஐயா சபையைப் பார்க்க வருகிறார். உன்னைக் கேட்பார். பழைய பொய்யை அவரிடம் சொல்ல என்னால் முடியாது. அதற்கு முன் வந்து சேர். எழுந்து நின்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரியையும் நானே எழுதித் தருகிறேன்.

மாசிலாமணி


ஓப்பநாயக்க
6-10-1927

உபதேசியார் அவர்களுக்கு,

சிரித்துக்கொண்டு கட்டினாள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

உங்கள் அம்மா சுமந்த குடத்தை நான் குறைவாய் நினைக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொடாத ஊரைப் பற்றி அவ்வளவு மன எரிச்சலோடு எழுதிவிட்டு, அதே கையால் ஆறடி மண் கொடாததற்கு நியாயம் சொல்கிறீர்களே, அது உங்கள் காதில் விழவில்லையா?

ஒழுங்கு என்கிறீர்கள். உங்கள் மூப்பர் பெரிய கங்காணி ஆசீர்வாதம் யட்டியாந்தோட்டையில் இன்னொரு குடும்பம் வைத்திருப்பது தோட்டத்துக் கோழிக்குஞ்சுக்கும் தெரியும். அவரை எந்தக் கூட்டம் விலக்கி வைத்தது? கோயில் மணி அவர் வாங்கிக் கொடுத்தது. மணி அடிக்கும்போது உங்கள் மூன்றாவது அடையாளம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

இனி எழுதப்போவதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை.

ஜூன் மாதம் நீங்கள் மிஷனுக்கு அரையாண்டு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? திங்கட்கிழமை பொழுது சாய சுப்பம்மா வந்தாள். "அம்மா, புள்ளைக்கு மேலு நெருப்பாக் கொதிக்குது. ஐயா லயத்துக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுங்கம்மா" என்றாள். உள்ளே வந்து உங்களிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவரச் சொல் என்றீர்கள், தலையை நிமிர்த்தாமல். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். மறுபடி சொன்னேன். கையை மட்டும் ஆட்டினீர்கள். புதன்கிழமை நல்ல மழை. படலுக்கு வெளியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அன்று நான் உங்களிடம் வந்து சொல்லவேயில்லை. சொன்னால் சலித்துக்கொள்வீர்கள். "ஐயாவுக்கு வேலை இருக்கு சுப்பம்மா, ஞாயித்துக்கிழமை வா" என்று நானே சொல்லித் திருப்பி அனுப்பினேன். உள்ளே வந்து நின்றுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

மாரியம்மன் கோயில் பூசாரி இராமசாமி அதே வழியில் வந்தவர், அவள் அழுவதைப் பார்த்து, யாரும் கூப்பிடாமலே அவள் காம்பராவுக்குப் போனார். குழந்தைக்கு ஜுரம் இறங்கும்வரை தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலை வீசினாராம். குழந்தை பிழைத்தது. பிழைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் கோயிலுக்குப் போய் நன்றி சொன்னாள். வேறு எங்கே போய்ச் சொல்வாள்?

மூப்பர் கூட்டம் நடந்த அன்று பெண்கள் நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே வந்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் செத்த பிறகு சங்கீதம் வாசித்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களை எதிர்த்து வாசித்தேன் என்று நினைத்தீர்கள். அந்த மழையில் உங்கள் நினைப்பே எனக்கு இல்லை.

நீங்கள் எழுதித் தருகிற வரி எனக்கு வேண்டாம்.

சலோமி


ருவான்வெல்லை
10-10-1927

சலோமி,

சுப்பம்மா வந்திருக்கிறாள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேன். போயிருக்க மாட்டேனா? நாலு மாதம் மனதில் வைத்திருந்து, ஒரே வீட்டில் ஒரே விளக்கில் இருந்தபோது வாய் திறக்காமல், இப்போது தபாலில் எழுதுகிறாயே, இது என்ன நியாயம்? மூன்றாம் நாள் ஏன் என்னிடம் வரவில்லை? நான் அவ்வளவு பயங்கரமான மனுஷனா?

மூக்கையாவிடமே போய்க் கேட்கிறேன்.

மாசிலாமணி


ருவான்வெல்லை
24-10-1927

சலோமிக்கு,

உன் கடிதம் உண்மையா என்று மூக்கையாவிடமே போய்க் கேட்டேன். பால் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தியை நிறுத்தாமலே சொன்னான்: "மூணு நாளும் வந்தாங்கய்யா. மூணாம் நாளு நனைஞ்சு திரும்பி வந்து, 'ஐயாவுக்கு வேலையாம்'னு சொன்னா. அவ கோவப்படலீங்க. எனக்குத்தான் கோவம்."

போதகர் ஐயா ஒரு நாள் முந்தி, சனிக்கிழமையே வந்துவிட்டார். சபைப் பதிவேட்டில் சுப்பம்மாவின் பெயருக்கு எதிரே 'விலக்கப்பட்ட நிலையில் மரணம்' என்று நான்தான் எழுதியிருக்கிறேன், என் அழகான கையெழுத்தில். அதை அடித்துவிட அனுமதி கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "விதியை ஒருக்காத் தளர்த்தினால் பிறகு இறுக்கேலாது, உபதேசியார்" என்றார். நான் உனக்கு எழுதினதைத்தான் அவரும் சொன்னார். இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது.

நேற்று ஆராதனையில் பிரசங்கத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவள் மூன்று நாள் வந்ததையும், நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். மூன்றாம் நாள் நடந்ததில் உன் பங்கை நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதோ சொல்லாததோ உன் இஷ்டம். அவளை விலக்கி வைத்தது பிழை, முதலில் விலக்கி வைக்கப்பட வேண்டியவன் நான் என்றேன். பெரிய கங்காணி ஆசீர்வாதம் எழுந்து, "என்னங்க இது, கூத்தா?" என்று தலைப்பாகையை உதறிக்கொண்டு வெளியே போனார். அவர் போனதும் பாதிச் சபை போயிற்று. போதகர் ஐயா என்னை மேடையிலிருந்து இறங்கச் சொன்னார். சொன்னதை எழுத்தில் வாபஸ் வாங்கும்வரை நான் பிரசங்கம் பண்ணக்கூடாது.

ஒன்று மட்டும் எதிர்பார்த்தேன்: மூக்கையா திரும்பி வருவான் என்று. சாயங்காலம் நானே லயத்துக்குப் போனேன். "ஐயா சொன்னதக் கேள்விப்பட்டேனுங்க. நல்லது. அதுக்காக நான் வந்திரணுமா?" என்றான். இவ்வளவு வருஷம் எல்லாக் கேள்விக்கும் வசனம் சொன்னவன், அவன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு அவனே ஒரு காரியம் சொன்னான். "அன்னைக்கு மழையில பாதியில நின்னுபோச்சு. அவ குழிமேட்டுல ஒரு தரம் முழுசா வாசிக்கணும்னு ஆசைங்க. ஐயா வேணாம். அம்மா வந்து வாசிக்கட்டும்."

வருவாயா? எனக்காகக் கேட்கவில்லை. வேலியைப் பற்றி எழுதினேன் அல்லவா? வேலி நன்றாய்த்தான் இருந்தது, சலோமி. மேய்க்கிறவன்தான் உள்ளே இல்லை.

மாசிலாமணி


ஓப்பநாயக்க
1-11-1927

அத்தானுக்கு,

நீங்கள் சபைக்கு முன் எழுந்து நின்றதை வாசித்தபோது அழுதேன். அடுத்த பாராவில், அதன் பிறகும் மூக்கையா வரவில்லை என்று குறைப்பட்டிருப்பதை வாசித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டவுடன் ஆட்கள் வரிசையில் வந்து நிற்க அது என்ன, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களமா?

குழந்தை எங்கே இருக்கிறாள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மூன்று பக்கத்தில் ஒரு வரி எழுதக் கூடாதா? போய்ப் பார்த்து எழுதுங்கள்.

பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் வருகிறோம். நேரே குழிமேட்டுக்குத்தான். வாசிப்பதற்கு முன், மூன்றாம் நாள் அவளைத் திருப்பி அனுப்பியவள் நான் என்று மூக்கையாவிடம் சொல்வேன். அதற்குப் பிறகும் நான் வாசிக்கலாம் என்று அவன் சொன்னால் வாசிப்பேன். முடிந்ததும் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வருவதைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பேசுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

சலோமி


ருவான்வெல்லை
21-11-1927

சலோமிக்கு,

அன்று நான் பேசவில்லை. கவனித்தாயா?

நீ சொன்னதைக் கேட்டு மூக்கையா குழிமேட்டுப் புல்லைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தானே, அப்போது நீ புஸ்தகத்தை மூடிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அவன், "வாசிங்கம்மா" என்றதும் நான் ஓரமாய்த் தள்ளி நின்றுகொண்டேன். தூறல் விழுந்தபோது பூசாரி இராமசாமி வந்து உன் புஸ்தகத்துக்கு மேலே குடை பிடித்தார். நான் குடை எடுத்து வரவில்லை.

குழந்தை பகலில் பூசாரி வீட்டில்தான் இருக்கிறாள். மூக்கையா வேலை முடிந்து தூக்கிப் போகிறான். தினமும் போய்ப் பார்க்கிறேன். வெள்ளைக் கோட்டைக் கண்டால் அழுகிறாள். கழற்றிவிட்டுப் போகிறேன்.

போதகர் ஐயாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும், உன்னைக் கொண்டுவந்து சபைமுன் நிறுத்த வேண்டும், ஓடைக்கு மேலே இடுகாட்டுக்கு இனிப் போகக்கூடாது. இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் கோயில் சாவியையும் வீட்டுச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். கடிதம் வந்த அன்றே இரண்டையும் கொடுத்துவிட்டேன். இப்போது முக்தார் முதலாளி கடைக்குப் பின்னால் ஒரு காம்பராவில் இருக்கிறேன். அவர் மனைவி றஹீமா உம்மா சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கேட்டிருக்கிறேன். கிடைக்கும் போல் இருக்கிறது.

இன்னொரு நல்ல செய்தி. நேற்று ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமல் ஒன்பது பேர் குழிமேட்டுக்கு வந்தார்கள். மூக்கையாவும் வந்தான். நான் வாசித்தேன், அவன் தடுக்கவில்லை. இதை இப்படியே விட்டுவிடக் கூடாது. ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டும். யார் யார் சேர்த்துக்கொள்ளப்படுவர், யார் நடத்துவது, எதற்கு விலக்குவது என்று ஆறு விதிகள் எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இதைச் சபை என்று சொல்லலாமா, என்ன பெயர் வைக்கலாம் என்று உன் அபிப்பிராயம் எழுது.

மாசிலாமணி


ஓப்பநாயக்க
26-11-1927

அத்தானுக்கு,

வீட்டுச் சாவியைக் கொடுக்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பதினோரு வருஷம் நான் மெழுகின வீடு. கொடுத்தது சரிதான், நான் இருந்தாலும் கொடுக்கத்தான் சொல்லியிருப்பேன். அதற்காகக் கேட்கக் கூடாதா? என் அம்மியை எடுத்தீர்களா, அதையும் போதகர் ஐயாவுக்கு ஒப்படைத்துவிட்டீர்களா?

உங்கள் ஆறு விதிகளையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தேநீரைச் சிந்திவிட்டார். அத்தான், ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் இன்னும் தரையில் சரியாய் உட்காரக்கூட இல்லை. அதற்குள் யாரை எதற்கு வெளியே அனுப்பலாம் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்!

இதைச் சபை என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நாலு இடம் பார்த்தவள், ஒன்றை மட்டும் கவனித்தேன்: எல்லா இடத்திலும் பேர் முதலில் வந்துவிட்டது, ஆள் பிறகுதான். நாம் கொஞ்சம் பொறுப்போம். யாராவது படுத்தால் அந்த ஒன்பது பேரும் போய்ப் பார்க்கிறார்களா என்று பார்ப்போம். கங்காணியின் யட்டியாந்தோட்டைக் குடும்பத்துக்காரி ஒருநாள் வந்து நின்றால், அவளுக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறார்களா பார்ப்போம். கங்காணியே வந்து நின்றால் நான் இடம் கொடுப்பேனா? அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். ஒரு வருஷம் போகட்டும். அப்போதும் யாராவது வந்துகொண்டிருந்தால் பேர் வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏறுகிறேன். அவிசாவளைக்கு வந்து நில்லுங்கள், பெட்டி கனம். றஹீமா உம்மாவிடம் சனிக்கிழமையிலிருந்து சாப்பாடு அனுப்ப வேண்டாம் என்று மரியாதையாய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டாம்.

இங்கே கடிதத்தாள் தீர்ந்துவிட்டது. உங்கள் விதிகளின் பின்பக்கம் வெறுமையாய் இருந்தது, நல்ல தாள். அதில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

சலோமி